மேப்பு இல்லீங்க மிஸ்

அவருடைய சட்டைப் பையின் வாய் தைத்து மூடப்பட்டிருந்தது. முதல் நாளே அதைக் கவனித்தேன். காக்கிச் சட்டை, இடது நெஞ்சில் பை, ஆனால் ஒரு பஸ் டிக்கட்டைக்கூடச் செருக முடியாதபடி மேல் விளிம்பில் கறுப்பு நூலால் நெருக்கமான தையல். புதுச்சட்டை வாங்கியதும் அவர் செய்யும் முதல் வேலை அதுதான் என்று பின்னால் தெரிந்தது. பேனா வைத்திருக்க மாட்டார். வரவுப் புத்தகத்தில் கையெழுத்திட யாருடைய பேனாவையாவது வாங்குவார். இட்டு முடித்ததும் கையைச் சுட்டதைப் போலத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பதுளையில் எல்லோரும் அவரை ‘ஜொயின்டர்’ என்றார்கள். தொலைபேசிக் கேபிள்களின் முனைகளைப் பொருத்துகிறவர். சிங்கள ஊழியர்களுக்கு அவர் ‘ஜொயின்டர் ஐயா’. அவர்கள் மொழியில் ஐயா என்றால் அண்ணன். நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தன் பெயரை எங்கேயாவது எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் இங்கேயும் எழுதவில்லை.

நான் யாழ்ப்பாணத்துப் பெண். கொழும்பில் படித்து, ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் சேர்ந்து, இரண்டாயிரத்து ஐந்தில் பதுளைக்கு அனுப்பப்பட்டேன். அப்போது எங்கள் நிறுவனம் வணிக வாடிக்கையாளர்களுக்கு மெட்ரோ ஈதர்நெட் என்ற புதுச்சேவையைக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு வங்கியின் பதுளைக் கிளைக்கும் கொழும்புத் தலைமையகத்துக்கும் இடையில் தலைமயிர் தடிப்பில் கண்ணாடி இழை ஓடும். இரண்டும் ஒரே கட்டடத்தின் இரண்டு அறைகளைப் போலப் பேசிக்கொள்ளும். வாடிக்கையாளரின் கட்டடத்தைப் பார்ப்பது, எந்த வழியால் இழையைக் கொண்டுவரலாம் என்று தீர்மானிப்பது, பெட்டியைப் பொருத்துவது, கொழும்பிலிருந்து தடத்தைத் திறக்கச் சொல்வது, சோதித்துப் பார்த்து வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவது, எல்லாம் என் பொறுப்பு. இவை எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது வரைபடம்.

கந்தோர் என்று நாங்கள் சொல்லும் அலுவலகத்தின் அலுமாரியில் இருந்தவை பழைய செம்புக் கம்பிகளின் வரைபடங்கள். கரையான் தின்ற பாதி போக, மிச்சப் பாதியும் பிழை. கடந்த பத்து வருடத்தில் போட்ட பைபர் கேபிள் எங்கே போகிறது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வீதியை அகலித்தபோது ஓர் இடத்தில் நகர்த்தியிருந்தார்கள். மண் சரிந்தபோது இன்னோர் இடத்தில் அவசரமாகச் சுற்றி எடுத்திருந்தார்கள். யாரும் குறித்து வைக்கவில்லை.

“ஜொயின்டர் ஐயா, பைபர் போற வழியின்ர மேப் ஆரிட்ட இருக்கு?” என்று கேட்டேன்.

“மேப்பு இல்லீங்க மிஸ்.”

“அப்ப நான் என்னெண்டு வேலை செய்யிறது?”

“அதான் நான் இருக்கேனே” என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவரைப் போலக் குனிந்துகொண்டு சொன்னார்.

அன்று பின்னேரம் என்னை நடத்திக் கூட்டிச் சென்றார். எக்ஸ்சேஞ்ச் வாசலிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கும் வழியில், காலடி காலடியாக எட்டு வைத்து எண்ணிக்கொண்டு போனார். “இங்கருந்து முப்பத்தாறு. அப்புறம் கேபிளு இடது பக்கம் திரும்பிடும். மரம் இருந்த எடம். இப்ப மரம் இல்ல.” வீதியோரக் கேபிள் குழியின் மூடியைத் தூக்கினோம். கேபிள் இடப்பக்கம் திரும்பியிருந்தது. அடுத்த மூடி, அதற்கடுத்த மூடி, எதுவும் ஓரடி தவறவில்லை.

கேபிளுக்குள் பன்னிரண்டு இழைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். எது எந்த வாடிக்கையாளருக்குப் போகிறது என்பதை அவர் ஒரு வேடிக்கையான முறையில் வைத்திருந்தார். அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பிராக்கள்; ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம். முதல் இழை முதல் காம்பிராக் குடும்பம், இரண்டாவது இழை இரண்டாம் காம்பிராக் குடும்பம். கடைத்தெரு வங்கியின் இழை ஐந்தாம் காம்பிரா செல்லம்மா அக்கா. காப்புறுதிக் கிளை ஒன்பதாம் காம்பிரா ஊமை மாமா. வங்கியின் தொடர்பு அறுந்தால் எக்ஸ்சேஞ்சுக்குள் வந்து, “செல்லம்மா அக்கா வூட்டுல லைட்டு இல்ல” என்பார். அருகில் நிற்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. விளங்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த முறை என்பது எனக்கு அப்போது தெரியாது.

தோட்டக் கொம்பனி ஒன்றின் பிராந்தியக் கந்தோருக்குத் தொடர்பு கொடுக்கப் போன நாள் நினைவிருக்கிறது. ஹாலிஎலைக்கு மேலே, தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அந்தக் கந்தோர். அவர் பிறந்த லயம் அதற்குக் கீழே. வேன் மேலே ஏற ஏற அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். கந்தோர் வாசலில் இறங்கியதும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டார்.

கந்தோரின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ கீழ் லயத்து ஆளுதானே?”

“ஆமாங்க.”

“பெரட்டுக்கு வராம ஓடுனவன்.” பெரட்டு என்றால் விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது.

“ஆமாங்க. டெலிபோன் கம்பம் தூக்கப் போயிட்டேன்.”

எனக்கு நாற்காலி போட்டார்கள், தேநீர் தந்தார்கள். அவருக்குப் போடவில்லை. தரையில் உட்கார்ந்துதானே வேலை செய்யப் போகிறார் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. அன்று எனக்கும் உறுத்தவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இழையைச் சீவி, துடைத்து, பொருத்தும் இயந்திரத்துக்குள் இரு முனைகளையும் வைத்து மூடினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கொழும்பிலிருந்து தொலைபேசியில், “பதுளையைப் பார்க்க முடிகிறது” என்றார்கள். பெரிய கிளாக்கர் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் நின்றாள். அவருடைய தங்கை.

“அண்ணே, இந்த வருசத் திருவிழாவுக்காச்சும் வருவியா?”

“லீவு கேட்டிருக்கேன்.”

“போன வருசமும் இதத்தானே சொன்ன.”

வேன் இறங்கும்போது நெடுநேரம் தேயிலை மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தவர் திடீரென்று சொன்னார்: “பெரட்டுல நின்னவங்கள சாயந்தரம் நாலரைக்கு வுட்டுடுவாங்க மிஸ். நான் அங்கருந்து தப்பிச்சு, வுடவே வுடாத எடத்துல வந்து மாட்டிக்கிட்டேன்.”

உண்மைதான். அவருக்கு லீவு என்பது கேட்கிற பொருள், கிடைக்கிற பொருளல்ல. எங்கள் பிராந்திய மனேஜர் கடுமையான மனிதர் இல்லை. சிரித்த முகத்தோடுதான் மறுப்பார். “ஜொயின்டர், நீ போனால் பதுளை இருட்டாகிவிடுமே” என்பார். எல்லோருக்கும் முன்னால் முதுகில் தட்டுவார். பாராட்டிப் பாராட்டியே மனிதரைப் பூட்டி வைத்திருந்தார். ஒரு கைத்தொலைபேசியும் கொடுத்திருந்தார்கள். குளிக்கும்போதும் அதை எட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். அவருக்கு மனைவி இல்லை. பெண் பார்க்கப் போன இரண்டு முறையும் இடையில் தொலைபேசி அடித்ததாம். மூன்றாம் முறை பெண் வீட்டாரே வேண்டாம் என்றுவிட்டார்களாம். வேனோட்டுகிற சாரதி இதை நகைச்சுவையாகச் சொல்வார். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருடைய அம்மா வடக்கே வன்னியில் இருந்தார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்களில் இவருடைய அண்ணனின் குடும்பமும் ஒன்று. அம்மா கொஞ்சக் காலம் இங்கும் கொஞ்சக் காலம் அங்குமாக இருந்து, பிறகு சண்டையால் வன்னிப் பாதை மூடியதும் அங்கேயே தங்கிவிட்டார். சமாதான காலத்தில் பாதை திறந்தது. திறந்து நாலு வருடமாகியும் இவர் போகவில்லை. போக விடவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆடி மாதம் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது; முழுதாக மூடுவதற்குள் சின்னவனைப் பார்க்க வேண்டும் என்கிறார். கடிதத்தை அவர் எனக்கு வாசிக்கக் கொடுத்தார். நான் மனேஜரிடம் கொண்டுபோனேன். அரை மணித்தியாலம் வாதாடி நாலு நாள் லீவு வாங்கினேன். என் உத்தியோகத்தில் நான் பெருமைப்பட்ட நாட்களில் அது ஒன்று.

செவ்வாய்க்கிழமை விடிய முதல் பஸ்சில் கிளம்பினார். அன்று காலை பத்து மணிக்கு, ஹாலிஎலைக்குக் கிட்ட வீதி வேலைக்கு மண் தோண்டிய பெக்கோ இயந்திரம் எங்கள் கேபிளைக் கிழித்தது.

ஐந்து வாடிக்கையாளர்களின் தொடர்பு ஒரேயடியாகப் போனது. வங்கியில் பணம் எடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். அறுந்த கேபிளின் ஒரு முனை கிடைத்தது. மற்ற முனையை இயந்திரம் மண்ணோடு இழுத்துப் போயிருந்தது. வீதிக்குக் குறுக்கே போகும் நீர்ப்போக்கைத் தாண்டி கேபிள் எந்தப் பக்கம் செல்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று இடங்களில் தோண்டினோம். இருட்டும்வரை மண்தான் வந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மனேஜர் என் மேசைக்கு வந்து, “அவனைக் கூப்பிடு” என்றார்.

“எங்கை நிக்கிறீங்கள்?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“வவுனியா தாண்டிட்டேன் மிஸ். வன்னிக்குள்ள வுடுற சோதன வரிசையில நிக்கிறேன். முன்னுக்கு ஒரு நாப்பது பேரு இருப்பாங்க.” அப்படிச் சந்தோசமான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

நடந்ததைச் சொன்னேன். “போக்குக்குப் பிறகு கேபிள் எந்தப் பக்கம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. நாங்கள் தோண்டிப் பாக்கிறம்.”

“போக்குலருந்து...” என்று தொடங்கியவர் நிறுத்தினார். அவருக்குப் பக்கத்தில் யாரோ சிங்களத்தில் எதையோ அதட்டிக் கேட்டது காதில் விழுந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “மிஸ், இங்க நின்னுக்கிட்டு கேபிளு, ரோட்டு, எத்தன எட்டுன்னு பேச ஏலாதுங்க. சுத்தி ஆமிக்காரங்க.”

மனேஜர் என் முன்னால் நின்றார். “என்னவாம்?” என்றார். சொன்னேன். “அப்படியானால் வரச் சொல்” என்றார்.

தொலைபேசி அறுந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். வன்னிக்குப் போகிற வழியில் அது அதிசயமுமில்லை. நான் சொல்லவில்லை.

“வரச் சொல்லுறார்” என்றேன்.

“அண்ணன் அந்தப் பக்கம் வந்து நிக்கிறாரு மிஸ். அம்மாவையும் கூட்டியாந்திருக்காரு” என்றார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவரே, “சரிங்க, வர்றேன்” என்று வைத்துவிட்டார். வரிசையில் முன்னால் நின்ற ஒருவரிடம், ‘லீவு இல்லன்னு சொல்லிட்டாங்களாம்’ என்று அம்மாவிடம் சொல்லச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாராம்.

வியாழக்கிழமை காலை நேரே அந்த இடத்துக்கே வந்தார். தோளில் பை, அதற்குள் அம்மாவுக்கு வாங்கிய கம்பளி. நீர்ப்போக்கிலிருந்து பத்தொன்பது எட்டு நடந்து, நாங்கள் யாருமே நினைக்காத மேட்டுப் பக்கமாகத் திரும்பி, “இங்க தோண்டுங்க” என்றார். முழங்கை ஆழத்தில் கேபிள் இருந்தது. பின்னேரம்வரை பன்னிரண்டு இழைகளையும் பொருத்தினார். ஒவ்வோர் இழைக்கும் அந்தந்தக் காம்பிராக்காரரின் பெயரை முணுமுணுத்தார். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

“அடுத்த மாசம் நானே லீவு எடுத்துத் தாறன்” என்றேன்.

“சரிங்க மிஸ்.”

அடுத்த மாதம் சண்டை தொடங்கி அந்தப் பாதை மூடப்பட்டது.

பெக்கோ விபத்துக்குப் பிறகு கொழும்பில் விழித்துக்கொண்டார்கள். பதுளையின் கேபிள் வழிகள் முழுவதற்கும் வரைபடம் வேண்டும் என்று கட்டளை வந்தது. பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அவரிடம் போனேன். எக்ஸ்சேஞ்சின் பின்பக்கத்தில் வெறும் தேநீரும் பணிஸ் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்.

“காட்டச் சொன்னா காட்டுறேன் மிஸ். எழுத மாட்டேன்.”

“ஏன்?”

தைத்த பையைத் தொட்டுக் காட்டினார். “தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தாறு இருக்கும். இதே மாதிரி ஒரு சட்டைப் பையில கேபிளு போற படம் கீறி வச்சிருந்தேன். நான் நல்லாக் கீறுவேன் மிஸ். பாலம், கோயிலு, பொலிஸ் ஸ்டேசன் எல்லாம் அடையாளத்துக்குப் போட்டிருந்தேன். ஆமி சோதனச் சாவடியில பஸ்ஸ நிறுத்தி எறக்குனாங்க. ‘பொலிஸ் ஸ்டேசன எதுக்குடா கீறி வச்சிருக்க’ன்னாங்க. பக்கத்துல நம்ம கேபிளு போவுதுங்கன்னேன்.”

“எவ்வளவு நாள் பிடிச்சு வைச்சிருந்தவை?”

“பதினோரு கெழம, ரெண்டரை மாசத்துக்கு மேல. இவன் எங்க ஆளுதான்னு ஒரு கடுதாசி குடுக்க நம்ம கந்தோருக்கு ஒம்போது கெழம புடிச்சிச்சு.”

அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. அவருடைய வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் முழுதாக மடங்காது. மற்ற விரல்களால்தான் அந்த மெல்லிய இழைகளைப் பிடிப்பார். வேலையில் பட்ட காயம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“அப்ப நான் எழுதுறன். நீங்கள் சொல்லுங்கோ. என்ர கையெழுத்து, என்ர பேர். உங்கட பேர் ஒரு இடத்திலயும் வராது.”

அவர் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார். “ஒங்க பேரும் தமிழ்ப் பேருதானே மிஸ்.”

அப்போது என் கைப்பையில், வெளியூர்த் தமிழர் எல்லோரையும் போல நான் தங்கியிருந்த அறையைப் பொலிசில் பதிந்த துண்டு மடித்தபடி இருந்தது. அதில்லாமல் நான் கடைக்குக்கூடப் போவதில்லை.

மூன்று மாதம் தள்ளிப்போட்டோம். பிறகு ஒருநாள் மனேஜரின் கடித வரைவு ஒன்று, வாடிக்கையாளர் பட்டியலைச் சேர்ப்பதற்காக என் மேசைக்கு வந்தது. ‘மேற்படி ஊழியர் நிறுவனத்தின் கேபிள் வழிகளைத் தன்னிடம் மட்டும் மறைத்து வைத்துள்ளார்’ என்று அதில் ஒரு வரி. நிர்வாக விசாரணைக்கு எழுதிய வரிதான். ஆனால் அந்த நாட்களில் ஒரு தமிழனைப் பற்றி அப்படி ஒரு வரி எந்த மேசைக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வாசித்துவிட்டுச் சிரித்தார். “எழுதி வச்சிருந்தப்ப ஏண்டா எழுதுனன்னு கேட்டாங்க. இப்ப ஏண்டா எழுதலன்னு கேக்குறாங்க.”

எங்களுக்கு வழி காட்டியவர் கந்தோரின் படவரைஞர். வெலிமடைக்காரர், சிங்களவர். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் எல்லோருக்கும் லீக்ஸும் கரட்டும் கட்டிக்கொண்டு வருவார். நாங்கள் இருவரும் முகம் கறுத்து நிற்பதைப் பார்த்து விசாரித்தார். கேட்டு முடித்ததும் தன் அரைகுறைத் தமிழில் சொன்னார்: “ஐயா நீங்க நடக்குறது, வாயால சொல்லுறது. நான் எழுதுறது. எல்லாப் பேப்பருக்கும் என் பேரு போடுறது. என்னைப் புடிச்சா எங்கம்மா ஸ்டேசனுக்கு வந்து எல்லாருக்கும் ஏசும்.”

ஜொயின்டர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, “நாளைக்கு எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

ஐந்து கிழமை நடந்தார்கள். பதுளை நகரம், ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கம் போகும் வீதி. முன்னால் இவர் எட்டு எண்ணிக்கொண்டு போவார்; பின்னால் படவரைஞர் பலகையில் தாளை வைத்துக் கீறிக்கொண்டு போவார். மழை நாட்களில் நான் குடையோடு போனேன். ஒவ்வொரு மூடி, ஒவ்வொரு வளைவு, மண்ணுக்குள் புதைந்த ஒவ்வொரு பொருத்து. இழைகளுக்கு வந்தபோது படவரைஞர், “செல்லம்மா அக்கா எந்த பேங்க்?” என்று கேட்க, இருவரும் நடுவீதியில் நின்று சிரித்தார்கள். பத்து வருடமாகத் தலைக்குள் சுமந்ததை இறக்கி வைக்க இறக்கி வைக்க அவர் முகம் தெளிந்து வந்தது. மதியத்தில் சோறு அதிகமாகச் சாப்பிட்டார். ரயிலே இந்த ஊரோடு நின்றுவிடுகிறது, மனிதர் எங்கே போக என்று எப்போதும் சொல்கிறவர், திருச்சிக்கு விமானத்தில் போக எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்தார்.

கடைசித் தாளையும் கீறி முடித்த நாள், எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரே ஓர் இடத்தில் படவரைஞரின் கோட்டை விரலால் நகர்த்திக் காட்டித் திருத்தினார். பிறகு கேட்டார்:

“எம் பேரு எங்கயும் இல்லையே?”

“இல்லை.”

“நல்லது மிஸ்.”

கொழும்பில் அந்த வரைபடத்தைப் பெரிய சாதனையாகப் பேசினார்கள். படவரைஞருக்கும் எனக்கும் பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் பதினாறு புதிய வணிகத் தொடர்புகள் கொடுத்தோம். முன்பு ஒரு மாதம் இழுத்த வேலை ஒரு கிழமையில் முடிந்தது. தாளைப் பார்த்து யார் வேண்டுமானாலும் தோண்டலாம் என்றானதும், பராமரிப்பு வேலையை வெளியே ஒரு ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தார்கள். அவர்களிடம் சொந்தமாகப் பொருத்துகிறவர்கள் இருந்தார்கள்; இளைஞர்கள், பத்து விரலும் மடங்குகிறவர்கள்.

ஜொயின்டரை மொனராகலைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். கம்பங்களும் காலியான கேபிள் உருளைகளும் கிடக்கிற பெரிய வளவு. அங்கே அவருக்கு வேலை, வளவில் ஆள் இருக்கிறார் என்று காட்டிக்கொண்டு இருப்பது. “அவருக்கு ஓய்வு கொடுத்திருக்கிறோம்” என்றார் மனேஜர், மனதாரத்தான். நான் எதிர்த்து ஒரு கடிதம் எழுதினேன். அவருடைய சேவையை நிரூபிக்கும் ஆவணங்களை இணைக்கும்படி பதில் வந்தது. வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். எந்தத் தாளிலும் அவர் இல்லை. அப்படித்தானே செய்திருந்தோம்.

ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன், எப்படி இருக்கிறீர்கள் என்று. “போன் அடிக்கவே மாட்டேங்குது மிஸ். கெட்டுப் போச்சான்னு நானே என் நம்பருக்கு அடிச்சுப் பாத்தேன்” என்றார்.

வன்னியிலிருந்து ஒரே ஒரு கடிதம், ஐந்து மாதம் பிந்தி வந்தது. அதற்குப் பிறகு இல்லை. சண்டை முடிந்த இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், முகாம்களுக்குள் கொண்டுவரப்பட்ட சனங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நான் ஒவ்வொரு கிழவியின் முகத்தையும் தேடினேன். அவருடைய அம்மாவை நான் கண்டதேயில்லை. ஆனாலும் தேடினேன்.

ஆவணி மாதம் பதுளை பஸ் நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். வவுனியாவிலிருந்து திரும்பி, மொனராகலை பஸ்சுக்காக நின்றார். எதிரே இருந்த தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போனேன். மெலிந்திருந்தார். விரல்களில் பேனா மை.

“லீவு கேட்டேன் மிஸ். தலைய நிமித்தாமலே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க.”

முகாம் வாசலில் மூன்று நாள் நின்றிருக்கிறார். உள்ளே இருக்கிறவரின் பெயர், வயது, ஊர், உறவு எல்லாம் ஒரு துண்டில் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தால், உள்ளே ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். ஆள் இருந்தால் கம்பி வேலிக்கு வரலாம். முதல் நாள் அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமலே நின்றாராம். வாசலில் துவக்கேந்திய இராணுவத்தினர் நின்றார்கள். பக்கத்தில் ஒரு கிழவர், சிங்களத்தில் எழுதத் தெரியாமல், தன் மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். அந்தத் துண்டைத்தான் முதலில் எழுதினாராம். பிறகு தன்னுடையதை. அதைப் பார்த்து இன்னொருத்தி வந்திருக்கிறாள். மூன்று நாளும் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“எத்தன பேருக்கு எழுதுனேன்னு தெரியல மிஸ். கை வலிச்சிச்சு. யாருமே ஏன் எழுதுறன்னு கேக்கல.”

“அம்மா?”

“மூணாம் நாளு வந்திச்சு. அண்ணன் மக கையப் புடிச்சுக் கூட்டியாந்தா. அண்ணன் இல்ல.” கோப்பையை ஒருமுறை சுற்றினார். “கண்ணு சுத்தமாத் தெரியல. கம்பிக்குள்ளாற கைய வுட்டேன். என் கைய தடவிப் பாத்துச்சு. இந்த ரெண்டு வெரலயும் புடிச்சு மடக்கிப் பாத்துச்சு. மடங்கல. ஒண்ணும் கேக்கல. அப்புறமா, ‘லீவு குடுத்தாங்களாடா?’ன்னு கேட்டுச்சு. குடுத்தாங்கம்மான்னேன். ‘எத்தன நாளு?’ன்னுச்சு. பத்து நாளுன்னேன்.”

மொனராகலை பஸ் வந்து நின்றது. நடத்துநர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினான். அவர் எழவில்லை.

“‘பத்து நாளா? ஏண்டா, வேலைய வுட்டு நிப்பாட்டிட்டாங்களா?’ன்னுச்சு மிஸ்.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“ஆமாம்மான்னேன்” என்றார்.